முகத்தை வெளுக்காத கேமரா எது?

திருக்கடையூரில் அத்தைக்கும் மாமாவுக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்து, ஆல்பம் கைக்கு வந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் புரட்டிப் பார்த்து முடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை. இப்போது எல்லா வீட்டுக்கும் வருகிற அதே கனத்த ஆல்பம்தான்: 12க்கு 36 அங்குலத் தாள், விரித்துப் பார்க்க ஒரு கட்டில் வேண்டும். கலசத் தண்ணீர் ஊற்றுகிற பக்கத்தில் அத்தையின் முகம் பாதித் தாளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ரோஸ் பவுடர் அப்பிய நிறம். தாடைக்குக் கீழே, புதுத் தாலிக் கயிறு கிடக்கிற கழுத்தில், அவளுடைய சொந்தக் கறுப்பு. கூப்பிய கைகளிலும் அதே கறுப்பு. முகத்தை மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கழற்றாத எட்டுக்கல் பேசரி மூக்குத்தி, ஈரத்தில் டாலடித்திருக்க வேண்டியது, கன்னத்து வெள்ளையில் கரைந்து மங்கலாகக் கிடந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கொண்டாடியதே அந்த வயதைத்தான். அதைப் பார்த்துத் துடைத்திருக்கிறார்கள்.

சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. "படம் பளிச்சுன்னுதான இருக்கு, உனக்கு என்னடே குறை?" என்றார் சித்தப்பா. எனக்கு உறுத்தியது இன்னொன்று. அன்று படம் எடுக்க வந்தவர் கையில் இருந்தது, ஒளியைப் பிடிக்கிற சென்சார் பெரிதாக உள்ள முழு ஃபிரேம் கேமரா. அதில் மாட்டியிருந்த லென்ஸ், கேமரா உடலைவிட விலை கூடியது. மண்டபத்தில் கண்ணால் பார்த்தேன். இத்தனை லட்சத்தைப் போட்டு எடுத்த படத்தில் அத்தை அத்தையாக இல்லை என்றால், அந்தப் பணம் எங்கே போனது?

அதே சமயத்தில் அக்கா மகன் போன் செய்தான். சென்னையில் கல்லூரியில் படிக்கிறவன். "மாமா, நாப்பதாயிரத்துக்குள்ள நல்ல கேமரா எதுன்னு சொல்லுங்க." அவனே ஒரு எக்செல் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தான். மெகாபிக்சல், 4கே வீடியோ, ஐஎஸ்ஓ எல்லை, நொடிக்கு எத்தனை படம், ப்ளூடூத் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. வீட்டு ஆட்களைத்தான் அவன் அதிகம் எடுக்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேர் கறுப்பு. பல்லவன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, எங்கள் முகங்களுக்கு அதில் ஒரு பத்திகூட இல்லையே என்றுதான் தோன்றியது.

மீட்டர் பார்க்கிற சாம்பல்

கேமராவுக்குள் இருக்கும் ஒளி மீட்டருக்கு மனிதரும் தெரியாது, மாடும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை ஏறக்குறைய 18 சதவீதச் சாம்பலாக்கப் பார்ப்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நாலு மாமாக்கள் வரிசையாக நின்றால், 'அடேயப்பா, வெளிச்சம் அதிகம்' என்று முடிவுசெய்து குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், அதற்கு மேலே இருக்கும் முகங்கள் இருட்டில் முங்கிவிடும். கோயில் மண்டபம் இன்னும் மோசம். பின்னால் தூண்களுக்கு நடுவே வெயில், முன்னால் கல்லின் நிழலில் ஆட்கள். இப்போது வரும் கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தக்கபடி கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனாலும் ஏறக்குறைய எல்லா கேமராவிலும் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் உண்டு, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன். வெள்ளை வேட்டிக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கும்போது அதை +0.7 அல்லது +1 வரை தள்ளத் தெரிந்தவன் கையில், பத்து வருஷப் பழைய கேமராகூட நன்றாக வேலை செய்யும்.

இதில் வரலாறும் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் படம் கழுவிப் பிரின்ட் போடுகிற லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும்; 'ஷெர்லி கார்டு' என்பார்கள். அதில் இருப்பவள் வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுப்பு, பழுப்புத் தோல்கள் சகதியாக வந்தாலும் மெஷின் சரிதான். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இதைத் தோண்டியெடுத்து எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் எனக்கு மறக்காதது இது: பழுப்பு நிறங்களை ஃபிலிம் பிரித்துக் காட்டவில்லை என்ற புகார் கோடக்குக்கு உறைக்கும்படி வந்தது கறுப்பின மக்களிடமிருந்து இல்லையாம். சாக்லேட் விளம்பரக்காரர்களும் மர மேஜை நாற்காலி விற்பவர்களும் கேட்ட பிறகுதான் வேலை நடந்ததாம். அந்த ஃபிலிமும் லேப் மெஷினும்தான் நம் ஊருக்கும் வந்தன. நம் அப்பா அம்மா கல்யாண ஆல்பங்களில் பாதிப் பேருக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதற்கு ஸ்டூடியோக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

டிஜிட்டலில் ஃபிலிமின் வேதியியல் போய்விட்டது. வெளிச்சத்தின் கணக்கு போகவில்லை. கறுத்த தோல் குறைந்த ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் அது இன்னும் குறையும். சென்சாருக்குச் சேருகிற ஒளி குறையக் குறைய, படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் எழும். புள்ளியை அழிக்க கேமராவோ போனோ அதை மெழுகிவிடும். மெழுகினால் தோலின் துவாரம், மீசை மயிர், பேசரிக் கல் எல்லாம் போய்விடும். சிவந்த தோலுக்கு அதே மண்டபத்தில் இந்தச் சிக்கல் பாதிகூட வராது. ஆகவே நம் ஆட்களை நம் வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால், கேமராவிடம் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு ஒளியைப் பிடிப்பாய் என்பதுதான்.

அதை இரண்டு விஷயங்கள் முடிவுசெய்கின்றன. ஒன்று சென்சாரின் பரப்பு. முழு ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு, கேனனில் 22.3க்கு 14.9, நிக்கான் சோனியில் ஏறக்குறைய 23.5க்கு 15.6. போன் சென்சார்கள் இதற்குப் பக்கத்திலேயே வர முடியாது. அந்தக் குறையைப் பல படங்களை அடுக்கிச் சேர்க்கிற கணக்கு வித்தையால் ஈடுகட்டுகின்றன. இரண்டாவது லென்ஸின் வாய். கேமராவோடு இலவசம்போல் வரும் 18-55 கிட் லென்ஸ், முகம் எடுக்கிற நீளத்துக்கு நீட்டினால் எஃப்/5.6தான் திறக்கும் (இந்த எண் சிறியதானால் வாய் பெரிது). எஃப்/1.8 திறக்கிற ஒரு சாதாரண 50 எம்எம் லென்ஸ் அதைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பத்து மடங்கு! இதைக் கேமரா உடலை மாற்றி வாங்க வேண்டுமென்றால் சொத்தை எழுதி வைக்க வேண்டும்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 36 அங்குல ஆல்பத் தாளில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் சுமார் 19 மெகாபிக்சல்தான் வருகிறது. 4கே டிவிக்கு 8 மெகாபிக்சலே தாராளம். இன்று கடையில் இருக்கிற பெரும்பாலான கேமராக்களில் அது தாண்டியாயிற்று. பட்டியலில் அந்தப் பத்தியை அடிக்கச் சொன்னேன்.

ஸ்டூடியோவில் ஒரு மதியம்

இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அத்தை படத்துக்கு இதில் எதுவும் பதில் சொல்லவில்லை. அங்கே சென்சாரும் பெரியது, லென்ஸும் நல்லது. ஊருக்குப் போயிருந்தபோது ஸ்டூடியோவுக்கே போய்விட்டேன். சண்டை போடும் எண்ணம்தான். சாப்பாட்டு நேரம், கடையில் கூட்டமில்லை. படம் எடுத்த தம்பியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடிச் சொருகி, அந்தப் பக்கத்தின் போட்டோஷாப் ஃபைலைத் திறந்தார்.

லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் படம். அதை அழுத்தினால் அந்த அடுக்கு மறையும். மேலே இருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். முதலில் பூப்போட்ட பார்டர் போனது. அப்புறம் முகத்தைச் சுற்றியிருந்த பனிமூட்டம். பிறகு 'ஸ்மூத்' என்று பெயரிட்ட அடுக்கு. அதை அணைத்ததும் நெற்றியில் மூன்று கோடுகள் எழுந்தன. கடைசியாக 'ஃபேர்' என்றொரு அடுக்கு. அதன் கண்ணை மூடினார். அத்தை வந்துவிட்டாள். ஈர முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, கண்ணை இறுக்கி மூடி, குளிர் தண்ணீருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு. எட்டுக்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தன. கர்சரை நெற்றியில் வைக்கச் சொன்னேன். சிவப்பு 124, பச்சை 86, நீலம் 66. 'ஃபேர்' அடுக்கைத் திரும்பப் போட்டால் அதே இடத்தில் 252, 226, 214. உச்சமே 255தான்.

"இது அப்படியே நல்லாத்தான தம்பி இருக்கு?" என்றேன்.

"இருக்கு சார். ஆனா இப்படியே குடுத்தா திருப்பிக் கொண்டாந்துருதாங்க. பொண்ணு கறுப்பா தெரியுதாங்க, உனக்குப் படம் எடுக்கத் தெரியலைங்காங்க. மிச்சப் பணத்தை நிறுத்தி வச்சிருதாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என் கல்யாண ஆல்பத்துல என் வீட்டுக்காரியையே வெளுத்துதான் வச்சிருக்கேன் சார். அவதான் கேட்டா."

சண்டைக்குப் போனவனுக்குப் பேச்சு ஓடவில்லை. ஒரு விசேஷத்துக்கு ஆயிரக்கணக்கில் படம். ஒவ்வொரு முகத்தையும் தனியாகப் பார்த்துத் திருத்த அவருக்கு ஏது நேரம்? முன்பே பதிந்து வைத்த ஒரு 'ஆக்‌ஷன்', ஒரு அழுத்து, மொத்த ஆல்பமும் வெளுக்கும். கழுத்தும் கையும் விடுபட்டது அவசரத்தில். அவர் விற்பது ஊர் கேட்பதை. முக்கியமான சடங்குகளை மட்டும் 'ரா' (raw) ஃபைலாக, அதாவது சென்சார் பிடித்ததை கேமரா திருத்தாமல் அப்படியே வைக்கிற விதத்தில் எடுப்பாராம். அந்த ரா ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுத் தரவும் தயங்கவில்லை. அவர் டீ வாங்கித் தர எழுந்ததைத்தான் தடுத்துவிட்டேன்.

"வெள்ளை அடிச்சிராத"

அந்த ராவை வீட்டில் டார்க்டேபிள் என்கிற போட்டோ திருத்தும் சாஃப்ட்வேரில் திறந்தேன். பிடிவாதத்தோடு உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெளுப்பு என்ற பேச்சே கூடாது. கேமரா அளந்தது எதுவோ அதுதான் அத்தை. அப்படியே 8க்கு 12 பிரின்ட் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். கூடவே ஆல்பத்தையும் விரித்து வைத்தேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தாள். ஆல்பத்து முகத்தைக் காட்டி, "இது சினிமாக்காரி" என்றாள். நான் பெருமையாக நிமிர்வதற்குள் என் பிரின்ட்டைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "அன்னைக்கு நல்ல வெயில்லா அடிச்சிச்சு. இதுல ஏன்டே சாயங்காலம் மாதிரி இருக்கு? கொஞ்சம் வெளிச்சம் கூட்டு. வெள்ளை அடிச்சிராத."

போட்டோ எடிட்டிங் பற்றி நான் படித்த எதிலும் இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தபோது ஸ்டூடியோவின் அந்த இரண்டு எண் வரிசைகள் வேறு மாதிரி தெரிந்தன. 124, 86, 66 என்பதில் சிவப்பு, நீலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 252, 226, 214 என்பதில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அதாவது வெளிச்சம் மட்டும் கூடவில்லை; நிறமே வடிந்துவிட்டது. வெள்ளையடிப்பது என்றால் ஒளியைக் கூட்டி, நிறத்தைக் கழித்து, தோலின் ஏற்ற இறக்கத்தை மெழுகுவது. வெளிச்சம் கூட்டுவது என்றால் மூன்று நிறங்களையும் ஒன்றாகத் தூக்கி, அவற்றின் விகிதத்தைக் கெடாமல் விடுவது. ராவில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து முக்கால் ஸ்டாப் வரை ஏற்றினால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) இது தானாக நடக்கிறது. முகம் தெளிகிறது, கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.

அடுத்தது வொயிட் பேலன்ஸ், விளக்கின் நிறம் படத்தில் ஏறாமல் சரிசெய்கிற வேலை. வீடியோக்காரர் பிடித்த எல்இடி விளக்கின் நீலம் ஒரு பக்கம், தூணுக்கு வெளியே வெயிலின் மஞ்சள் ஒரு பக்கம். நீலம் கலந்தால் கறுத்த தோல் சாம்பல் பூத்துச் செத்த மாதிரி ஆகிவிடும். நம் முகங்களைக் கெடுப்பதில் இருட்டைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்பேன். வெள்ளை எது என்று காட்டுகிற ஐட்ராப்பரை மாமாவின் வேட்டி மடிப்பில் வைத்து, பிறகு கையால் இன்னும் கொஞ்சம் மஞ்சளுக்குத் தள்ளினேன். கடைசியாக கர்வ், நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற கோடு. நிழலைத் தூக்கினேன், மேல் முனையை மட்டும் தொடவில்லை. அங்கேதான் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் தண்ணீர்த் துளி மினுங்குகிறது. கறுத்த தோலில் அந்த மினுக்கம் பாதி அழகு. மெழுகிய படத்தில் முதலில் சாவது அதுதான்.

இதையெல்லாம் ஆல்பத்திலிருந்த ஜேபெக்கில் செய்திருக்க முடியாது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது படி குறைவாக இருந்தால் தோல் திட்டுத்திட்டாக உடையும். 255ஐ முட்டிய சிவப்பை எந்த சாஃப்ட்வேராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அங்கே இருந்தது போனது போனதுதான். விசேஷத்துக்குப் படம் எடுக்க ஆள் பேசும்போது விலையோடு சேர்த்து ஒன்று கேட்டு வாங்குங்கள்: டச்சப் போடாத மூலப்படங்கள், முடிந்தால் ரா.

சாஃப்ட்வேர் எது என்கிற கேள்விக்கு வருகிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு முதல் வாத்தியார் பிக்காஸா. 2004ல் கூகுள் வாங்கி இலவசமாக்கியது. 'ஃபில் லைட்' என்று ஒரு ஸ்லைடர். இழுத்தால் வேட்டிக்கு மேலே இருண்டு கிடந்த மாமாக்கள் எல்லாம் வெளியே வருவார்கள். மூலப்படத்தைத் தொடாமல் திருத்தங்களைத் தனியாகக் குறித்து வைக்கும் நல்ல பழக்கமும் அதற்கு இருந்தது. 2016ல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தை எதுவும் சரியாக நிரப்பவில்லை என்பது என் நெடுநாள் புலம்பல். அடோபியின் லைட்ரூம் 2007ல் வந்தது. வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2015ல் வந்த லைட்ரூம் 6. அதற்குப் பிறகு மாதச் சந்தாதான். மாதம் இரண்டு பிறந்தநாள் படம் எடுக்கிறவர் எதற்கு மாதாமாதம் கட்ட வேண்டும்?

டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் வாரம் தலை சுற்றும். டார்க்டேபிளில் இருக்கிற மாட்யூல்களில் பத்தில் ஒன்பதை நான் தொட்டதே இல்லை, தொடத் தேவையும் வரவில்லை. அதுவும் பயமாக இருந்தால் கேமரா கம்பெனியே இலவசமாகத் தருவதை எடுத்துக்கொள்ளலாம்: கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ. பார்க்க மந்தமாக இருக்கும். ஆனால் அந்தந்த கேமராவின் நிறத்தை அதுவே நன்றாக அறியும். ஜிம்ப் நல்லதுதான். அது ஒரு படத்தை வெட்டி ஒட்டி ஜோடிக்க உதவுகிற சாமான். முந்நூறு படத்தைப் பார்த்துத் தேர்ந்து வெளிச்சம் திருத்துவதற்கு அதில் உட்கார்ந்தால் விடிந்துவிடும். போட்டோஷாப்பை வீட்டுக்கு நான் சொல்லவே மாட்டேன். கம்ப்யூட்டரே இல்லாதவர்கள் போனில் ஸ்னாப்சீடைப் போடலாம். காசில்லை, கர்வ் உண்டு, 'செலக்டிவ்' என்று ஒரு வசதி இருக்கிறது; முகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டலாம். அதிலேயே தோலை மெழுகுகிற வசதியும் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

திருத்துகிற திரையின் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு, பிரின்ட் இருட்டாக வருகிறது என்று லேப்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாதிக்குக் குறைத்து வைத்துத் திருத்துங்கள். லேப்பில் கொடுக்கும்போது 'கரெக்‌ஷன் போடாதீங்க' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் காப்பாற்றிய கறுப்பை அங்கே மெஷினில் யாராவது அன்பாக இரண்டு படி வெளுத்துத் தருவார்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கி நசுக்கித்தான் கொண்டு சேர்க்கும்.

பட்டியலின் கதி

அக்கா மகனுக்கு நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: போன் போதாதா? போதும் என்றால் வாங்காதே. போனின் பியூட்டி வசதியை அணைத்துவிட்டு, பகலில் வாசல் பக்கம் நிறுத்தி எடுத்தால் மிகப் பலருக்கு அதற்கு மேல் தேவையில்லை. கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே 2021ல் கூகுளின் பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' என்று ஒரு வேலை செய்து சேர்த்தார்கள். இத்தனை தாமதமா என்று கேட்கலாம். ஆனாலும் செய்தார்கள். அவனுக்குப் போன் போதவில்லை. இரவில் ஊர்க் கொடை, சாமியாட்டம், ட்யூப்லைட் போட்ட சமையல்கட்டு எல்லாம் எடுக்க வேண்டுமாம். அப்படியானால் கேமராதான்.

கையில் இருக்கிற காசைப் பாதிக்குப் பாதி பிரி என்றேன். உடலுக்குப் பாதி, லென்ஸுக்குப் பாதி. புதிது வேண்டாம். 2018க்குப் பிறகு கேனனும் நிக்கானும் கண்ணாடியில்லாத மிர்ரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டதால், உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகையான டிஎஸ்எல்ஆர்களில் நல்லவற்றையும் ஆட்கள் தள்ளிவிடுகிறார்கள். கேனன் 200டி பழசு கிடைத்தால் எடுக்கலாம், திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். அதே கடையில் 3000டி இன்னும் மலிவாகக் கிடைக்கும். லென்ஸ் மாட்டுகிற வளையமே பிளாஸ்டிக், வேண்டாம். நிக்கான் பக்கம் போனால் ஒரு பொறி இருக்கிறது: டி3500, டி5600 போன்ற உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். மிர்ரர்லெஸ்தான் வேண்டும் என்றால் சோனி ஜெட்வி-இ10க்கும் நிக்கான் ஜெட்30க்கும் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் கிடையாது. கோவில்பட்டி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாக அமுக்க வேண்டியதுதான்.

பழசு வாங்கும்போது லென்ஸை டார்ச் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி நூல் மாதிரி ஓடியிருந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது கேட்காமல் வரும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும், மாதம் ஒரு முறை ஜெல்லை மாற்ற வேண்டும். பில் இல்லாத கிரே மார்க்கெட் சரக்கைப் பற்றி அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது மட்டும் ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வை என்றேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். வேறு வேகம் வைத்தால் படத்தில் பட்டை விழும், ஒரே முகம் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் பழுப்பாகவும் வரும்.

பழைய 200டியும் கேனனின் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸும் வாங்கிவிட்டான். ராவில்தான் எடுக்கிறான். அத்தையைச் சமையல்கட்டில் வைத்து எடுத்து அனுப்பிய படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஆனால் அவனுக்கு லென்ஸின் மேல் குறை வந்துவிட்டது. அந்தச் சின்ன சென்சாரில் 50 என்பது 80 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு முட்டிவிடுகிறதாம், அப்போதும் இரண்டு பேர்தான் படத்துக்குள் வருகிறார்களாம். இப்போது அகலமாகக் காட்டுகிற 24 எம்எம் எஃப்/2.8 தட்டை லென்ஸுக்குக் காசு சேர்க்கிறான். எஃப்/1.8க்கு வருகிற ஒளியில் பாதிகூட அதில் வராதுடே என்று சொல்லிப் பார்த்தேன்.

"வராதுதான் மாமா. ஆனா பொங்கலுக்கு எல்லாரும் வாராங்கல்லா. உங்க எல்லாரையும் ஒரே படத்துல அடைக்கணும்."

நான் பாதிக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.